ஸ்டீல் பட்டை கனமான சரக்கை எப்படிப் பிடித்து வைக்கிறது?

"இந்தப் பட்டை எத்தனை டன் தாங்கும்?" ஸ்டீல் ஸ்ட்ராப் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். விற்பவரும் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். சரக்கின் எடையை அந்த எண்ணால் வகுத்து, வந்த விடையோடு ஒன்றிரண்டைக் கூட்டி, அத்தனை பட்டை போட்டால் போதும் என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பார்த்தால் ஒரு பட்டைகூட அறுந்திருக்காது. ஆனால் குழாய்க் கட்டு சரிந்து கிடக்கும், பட்டைகள் தொளதொளவென்று தொங்கும்.

பட்டை எவ்வளவு இழுத்தால் அறும் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. பயணம் முழுவதும் சரக்கு அசையாமல் இருக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்தப் பதில் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: பட்டையில் எவ்வளவு இழுவிசை ஏற்றினோம், அதில் எவ்வளவு கடைசிவரை மிஞ்சியது, முனைகளை இணைத்த சீல் எப்படிப் பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது

மேசையில் வரிசையாக நிற்கும் பத்துப் புத்தகங்களை இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தி, வரிசை கலையாமல் அப்படியே தூக்கிவிடலாம். நடுவில் இருக்கும் எட்டுப் புத்தகங்களையும் கை தொடுவதே இல்லை. கை கொடுக்கும் அழுத்தம் ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கடந்து போகிறது. அந்த அழுத்தத்தால் அட்டைகளுக்கு இடையே எழும் உராய்வு அவற்றை விழாமல் நிறுத்துகிறது. கை கொஞ்சம் தளர்ந்தால் போதும், நடுப் புத்தகங்கள் நழுவிவிடும்.

ஸ்டீல் பட்டை செய்வதும் இதே வேலை. சரக்கைச் சுற்றி இழுத்து முறுக்கும்போது அது மூலைகளில் உள்நோக்கி அழுத்துகிறது. அழுத்தம் உராய்வாகிறது, உராய்வு பிடிப்பாகிறது. பட்டை தளர்ந்தால் அழுத்தம் போய்விடும். அதன் பிறகு பட்டை பத்து டன் தாங்கினாலும் அது சரக்கைச் சுற்றிக் கிடக்கும் வெறும் வளையம்தான்.

எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு உராய்வு கிடைக்கும் என்பது தொட்டுக்கொள்ளும் இரண்டு பரப்புகளைப் பொறுத்தது. இந்த விகிதத்துக்கு உராய்வுக் குணகம் என்று பெயர். கப்பலில் சரக்கு அடுக்கிக் கட்டுவதற்கான சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதித்தொகுப்பு, கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய எண்களைத் தருகிறது: மரத்தின் மேல் மரம் 0.4, மரத்தின் மேலோ ரப்பரின் மேலோ எஃகு 0.3, உலர்ந்த எஃகின் மேல் எஃகு 0.1, ஈரமான எஃகின் மேல் எஃகு பூஜ்யம். கடைசி எண்ணை இன்னொரு முறை பாருங்கள். நனைந்த எஃகுத் தளத்தில் வைத்த எஃகுச் சரக்குக்கு உராய்வே இல்லை என்று வைத்துத்தான் கணக்குப் போடச் சொல்கிறார்கள். எஃகுக்கு அடியில் மரக்கட்டை வைப்பது தளத்தில் கீறல் விழாமல் இருக்க மட்டும் என்று நினைப்பவர்கள் பலர். அந்தக் கட்டை பிடிப்பை மூன்று மடங்காக்குகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பட்டைக்கு இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. பல துண்டுகளை ஒரே கட்டாக்குவது ஒன்று. அந்தக் கட்டினை வண்டியின் தளத்தோடோ, பேலட்டோடோ, கன்டெய்னரின் வளையத்தோடோ பிணைப்பது மற்றொன்று. முதல் வேலைக்குப் போட்ட பட்டை இரண்டாவது வேலையைச் செய்யாது. எட்டுப் பட்டையால் இறுகக் கட்டிய குழாய்க் கட்டு, குலையாமல் அப்படியே முழுக்கட்டாகத் தளத்தில் வழுக்கிப் போகலாம்.

கெட்டியான வில்: தளர்வின் கணக்கு

இந்த விஷயத்தின் மையமே இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

19 மி.மீ. அகலமும் 0.5 மி.மீ. கனமும் கொண்ட சாதாரண ஸ்டீல் பட்டையை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 7.5 கிலோநியூட்டனில் அறும். ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடை தரும் விசை. ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் உள்ள சதுரக் கட்டினைச் சுற்ற 4 மீட்டர் பட்டை வேண்டும். அதில் 4 கிலோநியூட்டன் இழுவிசை ஏற்றுகிறோம். பட்டை எவ்வளவு நீளும்? சுமார் 8 மி.மீ. நான்கு மீட்டருக்கு அவ்வளவுதான்.

இதைத் திருப்பிப் பாருங்கள். கட்டின் சுற்றளவு 8 மி.மீ. குறைந்தால், அதாவது ஒவ்வொரு பக்கமும் வெறும் 2 மி.மீ. சுருங்கினால், ஏற்றிய இழுவிசை முழுவதும் காணாமல் போகும். பட்டை அறவில்லை, சீல் நழுவவில்லை, யாரும் தப்பு செய்யவில்லை. சரக்கு இரண்டு மில்லிமீட்டர் படிந்தது, அவ்வளவுதான். பச்சை மரம் காய்ந்தாலும், அடுக்கிய குழாய்கள் குலுங்கி இடைவெளியில் இறங்கினாலும், மூலையில் வைத்த அட்டை நசுங்கினாலும், பேலட்டின் பலகை அமுங்கினாலும் இந்த 2 மி.மீ. எளிதாகக் கிடைத்துவிடும்.

எஃகு மிகக் கெட்டியான வில். கொஞ்சம் நீண்டாலே பெரும் விசையைத் தரும். கொஞ்சம் சுருங்கினாலே அந்த விசையை முழுவதும் விட்டுவிடும். ஏறத்தாழ அதே பலமுள்ள பாலியஸ்டர் பட்டை அதே இழுவிசையில் பல சென்டிமீட்டர் நீளும். ஆகவே சரக்கு சில மில்லிமீட்டர் சுருங்கினாலும் அது கூடவே சுருங்கி, இழுவிசையில் பெரும்பங்கைத் தக்கவைக்கும். ஸ்டீல்தான் எப்போதும் மேல், பாலியஸ்டர் மலிவு விலை மாற்று என்ற பேச்சு தவறு. சுருங்கும், படியும், அமுங்கும் சரக்குக்குப் பாலியஸ்டர் நல்லது. எஃகுக் காயில் (சுருளாகச் சுற்றிய எஃகுத் தகடு), வார்ப்பு, தண்டவாளம், இயந்திரம் போன்ற, அமுங்காத, கூரான விளிம்புள்ள, சூடான சரக்குக்கு ஸ்டீல் நல்லது. பாலியஸ்டருக்கும் குறை உண்டு. இழுத்த சில மணி நேரத்தில் தானாகவே கொஞ்சம் இழுவிசையை இழக்கும், வெப்பத்தில் இளகும், கூரான விளிம்பில் எளிதில் வெட்டுப்படும்.

சூடான காயிலைக் கட்டும்போதும் இதே கணக்குதான். வெளிவிட்டம் 1 மீட்டர் உள்ள காயிலின் சுற்றளவு 3.14 மீட்டர். அது கட்டிய பட்டையைவிட 200 டிகிரி கூடுதலாகக் குளிர்ந்தால் சுற்றளவு சுமார் 7.5 மி.மீ. குறையும். 4 கிலோநியூட்டனில் முறுக்கிய பட்டையின் நீட்சியோ அந்த நீளத்தில் 6 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். அதனால்தான் சூட்டோடு கட்டிய காயிலுக்கு, ஆறிய பின் மறுபடி பட்டை போட வேண்டியிருக்கிறது.

இதுவரை: பிடிப்பு உராய்விலிருந்து வருகிறது, உராய்வு இழுவிசையிலிருந்து. ஸ்டீலில் அந்த இழுவிசை சில மில்லிமீட்டர் தளர்வில் போய்விடும். ஆகவே சரக்கு அமுங்குமா என்பதைப் பட்டையைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டும்.

பட்டை வகைகள்

இரண்டு தரங்கள் தெரிந்தால் போதும். சாதாரணத் தரம், குறைந்த கார்பன் எஃகைக் குளிர்நிலையில் உருட்டி எடுத்தது. இதில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 800 நியூட்டன் கிடைக்கும். உயர் இழுவலுத் தரம் வெப்பப் பதம் செய்தது. பலம் கூடுதல். அதைவிட முக்கியமாக, அறும் முன் நன்றாக நீளும். ரயில் வண்டியில் அதிர்ச்சி வரும்போது சாதாரணப் பட்டை படக்கென்று அறும் இடத்தில் உயர் இழுவலுப் பட்டை கொஞ்சம் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அப்படி நீண்டது திரும்பச் சுருங்காது என்பதும் உண்மை; அதிர்ச்சிக்குப் பின் அது தளர்ந்திருக்கும். தாங்கிக்கொண்டது, ஆனால் இனி பிடிக்காது.

அகலங்கள் பெரும்பாலும் 13, 16, 19, 32 மி.மீ. கனம் 0.4 மி.மீ.யிலிருந்து 1 மி.மீ.க்குச் சற்று மேல் வரை. பெட்டிகளுக்கும் சிறு கட்டுகளுக்கும் 13, 16. குழாய், மரம், கம்பிக் கட்டுகளுக்கு 19. காயில், தண்டவாளம், கனரக இயந்திரத்துக்கு 32. உயர் இழுவலுத் தரத்தில் 32 மி.மீ. அகலம், 0.8 மி.மீ. கனம் உள்ள பட்டை ஏறத்தாழ 24 கிலோநியூட்டன்வரை அறாது. எடையும் கணக்கில் வரும்: 19×0.5 பட்டை மீட்டருக்குச் சுமார் 75 கிராம், 32×0.8 பட்டை சுமார் 200 கிராம். தரத்தை ஏஎஸ்டிஎம் டி 3953 அல்லது ஐரோப்பிய ஈஎன் 13246 என்று குறித்துக் கேட்டால், வெறும் "நல்ல பட்டை" என்று கேட்பதைவிடத் தெளிவான பதில் வரும்.

மேல்பூச்சு வெறும் அழகுக்கில்லை. கறுப்புப் பெயின்ட் துருவைத் தள்ளிப்போடும். கடல் பயணத்துக்குத் துத்தநாகப் பூச்சு. பெயின்ட்டின் மேல் பூசும் மெழுகின் வேலை அடுத்த பகுதியில் விளங்கும்.

மூலைகள் இழுவிசையைத் தின்னும்

பட்டையை இழுத்து முறுக்கும் கருவியான டென்ஷனர் காட்டும் இழுவிசை, கருவி இருக்கும் பக்கத்தில் மட்டுமே உண்மை. பட்டை மூலையில் திரும்பும் ஒவ்வொரு முறையும் அங்கே உரசுகிறது. உரசலில் இழுவிசை குறைகிறது. பட்டைக்கும் மூலைக்கும் உராய்வுக் குணகம் 0.2 என்றால், ஒரு நேர்கோண மூலையைத் தாண்டியதும் இழுவிசை 73 சதவீதமாகிறது. இரண்டு மூலை தாண்டினால் 53 சதவீதம். கட்டின் மேற்பக்கத்தில் கருவியை வைத்து 4 கிலோநியூட்டன் ஏற்றினால், அடிப்பக்கத்தில் இருப்பது 2 கிலோநியூட்டனுக்குக் கொஞ்சம் மேல்தான்.

வண்டி குலுங்கும்போது பட்டை மூலைகளில் மெல்ல நழுவி இழுவிசையைச் சமமாக்கிக்கொள்ளும். கேட்க நல்லதாக இருக்கும், ஆனால் அப்போது மேல்பக்கம் தளர்கிறது. இந்த இழப்பைக் குறைக்கத்தான் மெழுகுப் பூச்சும் வழவழப்பான மூலைக் காப்பும். குணகம் 0.1 ஆக இறங்கினால் இரண்டு மூலைக்கு அப்பாலும் 73 சதவீதம் மிஞ்சும்.

மூலைக் காப்புக்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. கூரான விளிம்பு பட்டையை வெட்டாமல் தடுக்கிறது. பட்டை சரக்கின் விளிம்பை நசுக்காமலும் தடுக்கிறது. இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். நசுங்கிய விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் உள்வாங்கினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். மென்மையான அட்டைக் காப்பு ஸ்டீல் பட்டைக்கு ஒத்துவராது. அதுவே நசுங்கி இழுவிசையைக் குடித்துவிடும். எஃகுக் காப்போ, கடினமான பிளாஸ்டிக் காப்போதான் சரி. உடனே பட்டை போடும் இடத்தில் மட்டும் வைத்தால் போதும் என்று அதைச் சிறியதாக வெட்டிவிடாதீர்கள். பட்டை அகலத்தைவிட நன்றாக நீளமாக இருந்தால்தான் அழுத்தம் பரவும்.

சீல்: சங்கிலியின் மெலிந்த கண்ணி

பட்டையின் இரு முனைகளும் ஒன்றின் மேல் ஒன்றாக அமரும். அவற்றைச் சுற்றி மடித்த சிறு எஃகுத் துண்டே சீல்; பேச்சுவழக்கில் கிளிப். சீலர் என்ற கைக்கருவியால் நெருக்கும்போது சீலும் இரண்டு பட்டைகளும் சேர்ந்து வளைகின்றன அல்லது வெட்டப்படுகின்றன. பக்கவாட்டில் சிறு காதுகளை வெட்டி மடிப்பது வெட்டு இணைப்பு. வெட்டாமல் அலைபோல் நெளிப்பது நெளி இணைப்பு. சீலே இல்லாமல், இரண்டு அடுக்கிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும் துளைகளைக் கருவியே அடிக்கும் முறையும் உண்டு. பெரிய தானியங்கி இயந்திரங்கள் பற்றவைக்கின்றன.

எந்த இணைப்பும் முழுப் பட்டையின் பலத்தைத் தராது. ஒழுங்காகப் போட்ட சீல் முக்கால் பங்கை ஒட்டிப் பிடிக்கும். தேய்ந்த கருவியால் போட்டதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஆகவே 7.5 கிலோநியூட்டன் பட்டைக்குக் கணக்கில் எடுக்க வேண்டியது 5.6ஐ ஒட்டிய எண். பட்டையை அதன் அறுபடு விசையில் பாதிக்கு முறுக்கினால் போதும் என்ற நடைமுறை இதிலிருந்து வந்ததுதான். மீதி, பயணத்தில் வரும் அதிர்ச்சிக்கு. 32 மி.மீ. உயர் இழுவலுப் பட்டைக்கு ஒரு சீல் போதாது. இரண்டு சீல், ஒவ்வொன்றிலும் இரண்டு நெளிப்பு என்பது வழக்கம்.

சீலும் பட்டையின் அகலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 19க்கு உரிய சீலை 16 மி.மீ. பட்டையில் போட்டால் கண்ணுக்கு இறுக்கமாகவே தெரியும். இழுக்கும்போது பட்டை உள்ளுக்குள் ஒதுங்கி நழுவிவிடும். மெழுகும் எண்ணெயும் மூலையில் நண்பர்கள், சீலுக்குள் எதிரிகள். அதிகமாகப் பூசிய பட்டையில் முனைகளைத் துடைத்துவிட்டுச் சீல் போடுவது நல்லது.

இதுவரை: அறுபடு விசையிலிருந்து சீல் கால் பங்கை எடுத்துக்கொள்கிறது. மீதியிலும் பாதுகாப்புக்கு இடம் விட்டு, பாதி அளவுக்கு முறுக்குகிறோம். அதிலும் மூலைகள் கொஞ்சம் தின்கின்றன. சரக்கின் மறுபக்கத்துக்குப் போய்ச் சேருவது, விற்பவர் சொன்ன எண்ணில் கால் பங்கு.

டென்ஷனர்

இழுவிசை ஏற்றும் கருவிக்கு டென்ஷனர் என்று பெயர். எதை எடுப்பது என்பதைச் சரக்கின் வடிவம் முடிவு செய்யும்.

பல்சக்கர டென்ஷனருக்கு அடியில் ஒரு தட்டையான பாதம் உண்டு. அது பட்டைக்கும் சரக்குக்கும் நடுவே நுழைந்திருக்கும். வேலை முடிந்ததும் உருவி எடுக்க வேண்டும். ஆகவே தட்டையான மேற்பரப்பு தேவை. உருண்டையான காயிலில் இதைப் போட்டால் பாதம் எடுத்த இடம் வெற்றிடமாகி, அந்த அளவுக்குப் பட்டை தளரும். உருண்டைக்கும் ஒழுங்கற்ற வடிவத்துக்கும் தள்ளு டென்ஷனர். பட்டையின் கீழ்முனையைச் சீல் வழியாக நுழைத்து, சில சென்டிமீட்டர் பின்னால் மடித்து வைத்தால், கருவி அந்தச் சீலின் மேல் முட்டுக்கொடுத்து மேல்முனையை இழுக்கும். பட்டைக்கு அடியில் எதுவும் நுழையாது. நிறையத் தளர்வை இழுத்தெடுக்க வேண்டிய, அமுங்கும் சரக்குக்கு, பட்டையை ஒரு தண்டில் சுற்றிக்கொள்ளும் சுருள் டென்ஷனர் உதவும்.

பல்சக்கரத்தின் பற்கள் பட்டையில் தடம் பதிப்பது இயல்பு. ஆழமாகக் கிழித்த தடம் இயல்பில்லை. இழுத்துக்கொண்டே இருக்கும்போது சக்கரம் வழுக்கினால் அது பட்டையைச் சுரண்டிவிட்டது என்று பொருள். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

கட்டும் முறை

முதலில் இடம். அடியில் தாங்குகட்டை இருக்கும் இடத்துக்கு நேராகப் பட்டை போக வேண்டும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே போட்டால் பட்டை இறுக இறுகச் சரக்கு வளையும். வண்டி குலுங்கும்போது வளைவு நிமிர்ந்து பட்டை தளரும்.

பட்டையைச் சுற்றும்போது அது விளிம்புக்கு நேர்செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். 1 மீட்டர் பக்கத்தில் 10 செ.மீ. சாய்ந்து போனால் அந்தப் பக்கத்தில் மட்டும் 5 மி.மீ. கூடுதல் நீளம் சேர்கிறது. வழியில் குலுங்கி அது நேராக நகர்ந்ததும் அந்த 5 மி.மீ. தொங்கலாகும். முறுக்கின பட்டை எப்போதும் குட்டையான வழியைத் தேடிப் போகும். சுற்றும்போது திருகிக்கொண்ட பட்டைக்கும் இதே கதி.

பிறகு மூலைக் காப்புகளை வைத்து, கையாலேயே தளர்வை இழுத்தெடுக்க வேண்டும். முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் அளவுக்கு மேவ வேண்டும், இரண்டும் ஒரே கோட்டில். மூடிய சீல் என்றால் இழுப்பதற்கு முன்பே நுழைத்துவிட வேண்டும். திறந்த சீலை முறுக்கிய பின்னும் மேலிருந்து மாட்டலாம். மெதுவாக முறுக்குங்கள். பாதியில் நிறுத்தி, மூலைக் காப்பு நகர்ந்திருக்கிறதா, பட்டை எங்காவது சரக்கின் இடைவெளியில் புதைகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை முறுக்குவது நல்லது. முறுக்கும்போது பட்டையின் நேர்கோட்டில் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

சீலரின் தாடையைச் சீலின் நடுவில் நேராக வைத்து, கைப்பிடிகள் முழுவதும் சேரும்வரை ஒரே அழுத்தாக நெருக்குங்கள். எடுத்ததும் சீலைக் கவனியுங்கள்: இரு பக்கமும் வெட்டோ நெளிப்போ ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும், இரண்டு பட்டைகளும் சீலுக்குள் முழு அகலத்துக்கு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால் தாடை தேய்ந்திருக்கிறது அல்லது கோணலாகப் பிடித்திருக்கிறீர்கள். மிச்ச முனையை வெட்டி, கையைக் கிழிக்காதபடி மடித்துவிட வேண்டும். ஒரு சரக்கில் பல பட்டை என்றால், கடைசிப் பட்டை போட்ட பிறகு முதல் பட்டையைத் தட்டிப் பாருங்கள். பின்னால் போட்டவை சரக்கை இன்னும் நெருக்கியிருந்தால் முதலாவது இப்போது தளர்ந்திருக்கும். சீல் போட்ட ஸ்டீல் பட்டையை மீண்டும் முறுக்க வழியில்லை. வெட்டிவிட்டுப் புதிது போடுவதுதான். சாலை வண்டிகளில் துணிப் பட்டையும் சங்கிலியும் அதிகம் புழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றை வழியில் நிறுத்தி இறுக்கிக்கொள்ளலாம்.

எத்தனை பட்டை வேண்டும்

சர்வதேசக் கடல்சார் அமைப்பு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் மூன்றும் ஏற்று 2014-இல் வந்த சரக்கேற்று விதித்தொகுப்பின்படி, சாலைப் பயணத்தில் சரக்கு முன்னோக்கி 0.8 ஜி அளவும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 ஜி அளவும் தள்ளப்படலாம். ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம். ஆகவே 0.8 ஜி என்றால் சரக்கின் எடையில் 80 சதவீத விசை அதை முன்னே தள்ளுகிறது என்று பொருள். கடலில், கப்பல் போகும் கடற்பகுதியைப் பொறுத்து, பக்கவாட்டு விசையும் 0.8 ஜி வரை போகும்.

மரத்தளத்தின் மேல் எஃகு அடித்தட்டோடு நிற்கும் 5 டன் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 49 கிலோநியூட்டன். திடீரென்று பிரேக் போட்டால் முன்னே தள்ளும் விசை 39. எடையால் மட்டும் கிடைக்கும் உராய்வு, 0.3 குணகத்தில், 14.7. பற்றாக்குறை 24.5 கிலோநியூட்டன். மேலே குறுக்காகப் போட்டு இரு பக்கமும் தளத்தோடு பிணைத்த 32 மி.மீ. பட்டையில் 10 கிலோநியூட்டன் ஏற்றுகிறோம். இரண்டு மூலை தாண்டி மறுபக்கத்தில் 5.3 மிஞ்சும். சேர்த்துக் கீழ்நோக்கி 15.3, அதனால் கூடும் உராய்வு 4.6. இருபத்து நாலரையை நாலரைச் சொச்சத்தால் வகுத்தால் ஐந்தரைக்குப் பக்கம். ஆறு பட்டை வேண்டும்! 24 கிலோநியூட்டன் தாங்கும் பட்டை இது. அறுபடு விசையைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் இரண்டோடு நிறுத்தியிருப்பார்.

இப்போது அடித்தட்டின் கீழே, சாதாரண ரப்பரைவிட அதிகமாக 0.6 குணகம் தரும் வழுக்குத்தடை ரப்பர் பாய் விரிக்கிறோம். எடையின் உராய்வு 29.4 ஆகிறது, பற்றாக்குறை 9.8 ஆகிறது, ஒவ்வொரு பட்டையும் 9.2 சேர்க்கிறது. இரண்டு பட்டை போதும். நான்கு பட்டைகளின் வேலையை ஒரு பாய் செய்துவிட்டது. முன்பக்கம் மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து ஆணியடித்தால், முன்னே போகும் விசையைக் கட்டையே வாங்கிக்கொள்ளும்; பட்டை சரக்கைத் தளத்தில் அழுத்தி வைத்தால் போதும். இது பாதுகாப்புக் கூடுதல் சேர்க்காத வெறுங்கணக்கு. உண்மையான ஏற்றத்துக்கு அந்தந்த விதித்தொகுப்பு சொல்லும் பெருக்கத்தையும் சேர்க்க வேண்டும்.

சரக்கின் குறுக்கே அழுத்தாமல், நேராகச் சரக்கிலிருந்து கப்பலின் வளையத்துக்கு இழுத்துக் கட்டும்போது கணக்கு வேறு. அங்கே பட்டையின் பலமே விசையைத் தாங்குகிறது. முன்பு சொன்ன கடல்சார் விதித்தொகுப்பு, ஒரே முறை பயன்படுத்தும் ஸ்டீல் பட்டைக்கு அறுபடு விசையில் 70 சதவீதத்தையே உச்ச வரம்பாக வைக்கிறது.

அறுந்த முனை சொல்வது

அறுந்த பட்டையை எறியும் முன் முனையைப் பாருங்கள். சீலுக்குள்ளிருந்து நீளவாக்கில் கீறலோடு வழுக்கி வந்திருந்தால் சீல் சரியாக நெருக்கப்படவில்லை. சீலரின் தாடையைப் பாருங்கள். வெட்டுக் காதின் ஓரத்தில் குறுக்கே அறுந்திருந்தால் இணைப்பு தன் முழுப் பலத்தையும் தந்துவிட்டது, அதற்குமேல் விசை வந்திருக்கிறது. பட்டையின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மூலையில் அறுந்திருந்தால் காப்பு இல்லை அல்லது நகர்ந்துவிட்டது. பல்தடம் பதிந்த இடத்தில் அறுந்திருந்தால் டென்ஷனரின் சக்கரம். ஓரிரு இடத்தில் மளுக்கென்று, நீளவே நீளாமல் முறிந்திருந்தால், தளர்ந்த பட்டை பயணம் முழுவதும் ஆடி ஆடிக் களைத்து முறிந்தது என்று சந்தேகிக்கலாம்.

வெட்டும்போது

விபத்துகள் கட்டும்போது மட்டுமல்ல, பிரிக்கும்போதும் நடக்கும். முறுக்கேறிய பட்டை வெட்டுப்பட்ட நொடியில் சாட்டைபோல் திரும்பும். அதன் ஓரம் கத்தி. அதைவிட மோசம், பயணத்தில் சரிந்த சரக்கு அந்தப் பட்டையின் மேல் சாய்ந்து நிற்கலாம். ஆகவே முதல் வெட்டுக்கு முன் சுற்றி நடந்து, எது சாய்ந்திருக்கிறது, வெட்டினால் எந்தப் பக்கம் உருளும் என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஃபோர்க்லிஃப்ட்டாலோ முட்டுக்கட்டையாலோ தாங்கிக்கொண்டு வெட்டுங்கள்.

கண்ணாடியும் கனமான கையுறையும் அவசியம். நேர்கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, பட்டைக்கென்றே உள்ள கத்தரியால் வெட்ட வேண்டும். வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பட்டையைக் கையுறைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். கடப்பாரையால் நெம்புவதும், சுத்தியல் உளியால் அடிப்பதும் வேண்டாம். பட்டை எங்கே அறும், எந்தப் பக்கம் பாயும் என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. கட்டிய பட்டையில் கொக்கி மாட்டிச் சரக்கைத் தூக்கவும் கூடாது. இழுவிசை ஏற்கெனவே பாதிவரை இருக்கிறது. தூக்கும் விசையும் சேர்ந்தால் முதலில் சீல் விட்டுவிடும்.

வெட்டிய பட்டையை நேராக்கி மறுபடி கட்டப் பயன்படுத்தாதீர்கள். மூலையில் மடிந்த இடமும் பல்தடம் பட்ட இடமும் ஏற்கெனவே பாதி செத்தவை. பட்டையைக் கையளவு நீளத்துக்கு மடித்து, காலால் மிதித்து, உடனே ஸ்கிராப் தொட்டியில் போட்டுவிட வேண்டும். தரையில் விட்ட துண்டு காலைத் தடுக்கும், ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொண்டு பிரேக் குழாயையும் அறுக்கும்.